ஐந்து சோல் வண்டி

பஸ்கால் என்ற பெயரைக் கேட்டதும் விஞ்ஞான மாணவர் அமுக்கத்தின் அலகை நினைப்பர். கணித மாணவர் எண்களை முக்கோண வடிவில் அடுக்கிய அந்த அடுக்கை நினைப்பர். கணினி பயின்றோர் 1970 இல் அவர் பெயர் தாங்கி வெளிவந்த கணினி மொழியை நினைப்பர். சமய தத்துவங்களில் ஈடுபாடுடையோர் அவர் மறைந்தபின் 1670 இல் அச்சேறிய சிந்தனைத் தொகுதியை நினைப்பர். பஸ் தரிப்பிடத்தில் வெயிலில் நிற்போர் அவரை நினைப்பதில்லை. அவரை நினைக்கும் உரிமை பிறரிலும் அவர்களுக்கே மிகுதியாக உண்டு என்பது என் எண்ணம்.

நான் தமிழ் கற்பிப்பவன். கணிதம் எனக்குத் தூரத்துச் சுற்றம். ஆயினும் பஸ்காலின் வாழ்க்கையைப் படித்தபோது அவருடைய கணிதத்தைக் காட்டிலும் அவருடைய வண்டியே என்னைப் பிடித்து நிறுத்தியது. குறித்த தெருவழியே, குறித்த கட்டணத்துக்கு, ஒருவரையொருவர் அறியாத மாந்தரை அருகருகே இருத்திக்கொண்டு செல்லும் வண்டி அது. நமக்கு இஃது அன்றாடக் காட்சி. 1662 ஆம் ஆண்டுப் பாரிஸ் நகரத்துக்கோ கண்டறியாத புதுமை. பஸ்காலின் இறுதி மாதங்களில் ஓடத் தொடங்கிய அவ்வண்டியின் கதைக்கு வேர் அவருடைய இளமையிலேயே இருக்கின்றது. ஆதலின் அடியிலிருந்தே தொடங்குகின்றேன்.

பிளேஸ் பஸ்கால் 1623 ஆம் ஆண்டு ஆனி மாதம் 19 ஆந் திகதி பிரான்சு தேசத்துக் கிளேர்மோன் நகரிலே பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தமக்கை ஜில்பேர்த்; தங்கை ஜாக்கலீன். தந்தையார் எத்தியேன் வரி வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர், கணிதத்தில் வல்லவர். பிள்ளைகளைத் தாமே கற்பிக்க வேண்டுமென்று விரும்பி 1631 இல் குடும்பத்தோடு பாரிசுக்கு வந்தார். முதலில் மொழிகள், பின்னரே கணிதம் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. மகன் கேத்திர கணிதத்தைத் தொடலாகாது என்றும் கட்டளையிட்டார். மறைத்து வைத்த பண்டத்தைப் பிள்ளை தேடாமல் விடுமா? பன்னிரண்டு வயதுச் சிறுவன் தரையிலே கரித்துண்டாற் கோடுகள் கீறி, முக்கோணத்தின் இயல்புகளைத் தானாகவே கண்டுகொண்டிருந்தான் என்று ஜில்பேர்த் எழுதி வைத்திருக்கின்றார். அதைக் கண்ட தந்தையார் தம் கட்டளையைத் தாமே நீக்கினார். விதிப்பவருக்கு விதியைத் தளர்த்தும் இடமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஆசிரியனாகிய நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

அரசின் விதி அத்தகைய நெகிழ்ச்சியுடையதாய் இருக்கவில்லை. 1638 இல், அரசாங்கக் கடன்பத்திரங்களுக்குரிய வருவாயை ஆட்சியாளர் குறைத்தபோது, அதனால் நட்டமுற்றோர் திரண்டு முறையிட்டனர். அவர்களுள் எத்தியேனும் ஒருவர். முதலமைச்சர் ரிஷெலியு சினங்கொண்டார். எத்தியேன் பாரிசை விட்டு ஒளிந்தோட நேர்ந்தது. அடுத்த ஆண்டில் ரிஷெலியுவின் முன்னிலையிற் சிறுவர் நடித்த நாடகமொன்றிலே ஜாக்கலீன் நன்றாக நடித்தாள். அவர் மகிழ்ந்த வேளை பார்த்துத் தந்தைக்காக மன்னிப்பு வேண்டினாள். மன்னிப்புக் கிடைத்தது, அதனோடு உத்தியோகமும் கிடைத்தது. வரிச்சுமை தாங்காது கலகம் எழுந்த நொர்மண்டிப் பகுதியில், ரூவான் நகரத்திலே, வரி ஒழுங்கு செய்யும் அதிகாரியாக எத்தியேன் நியமனம் பெற்றார். முறையிடச் சென்றவர் வரி வகுப்பவரானார்.

ரூவானிலே தந்தையார் இரவு பகலாகக் கணக்குப் பார்த்தார். அன்றைய பிரெஞ்சு நாணயக் கணக்கு எளிதன்று. 12 தெனியே ஒரு சோல்; 20 சோல் ஒரு லீவர். கூட்டுவதற்குள் கை தளரும், கண் மங்கும். தந்தையின் வருத்தத்தைக் கண்ட மகன் 1642 இல், பத்தொன்பது வயதில், கூட்டவும் கழிக்கவும் வல்ல பொறி ஒன்றை ஆக்க முயன்றார். பற்சில்லுகளாலான அப்பொறி நிறைவு பெறுவதற்குள் ஏறத்தாழ 50 மாதிரிகள் செய்யப்பட்டன. 1645 இல் அதனைப் பிரதம நீதியதிகாரி செகியே என்பாருக்குக் காணிக்கையாக்கினார்.

இந்தப் பொறியோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி பின்வரும் கதைக்கு வேண்டியது. ரூவானிலே மணிக்கூடு செய்யும் தொழிலாளி ஒருவன், பஸ்காலின் பொறியைப் பற்றிக் கேள்வியுற்று, அது போன்ற ஒன்றைத் தானும் செய்தான். புறத்தே அழகு, அகத்தே பிழை. கணக்குப் பார்க்க அது உதவாது. போலியைக் கண்டு மக்கள் மெய்ப்பொருளையும் ஐயுறுவார்களே என்று பஸ்கால் மனமுடைந்தார். தம் கீழ் வேலை செய்தோரை அனுப்பிவிட்டு முயற்சியையே கைவிட எண்ணினார். செகியே அவரைத் தேற்றினார். 1649 இல் அரச சாசனம் பிறந்தது. பஸ்காலின் அநுமதி இன்றி வேறெவரும் அத்தகைய பொறியைச் செய்யலாகாது என்பது அதன் ஆணை.

அரசின் உத்தரவுப்பத்திரத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. வாங்குவோனைப் போலியிலிருந்து காப்பது ஒரு முகம். விற்போனுக்குப் போட்டி இல்லாமற் செய்வது மற்றொரு முகம். இருபத்தாறு வயதில் பஸ்கால் இரண்டையும் கண்டார். சாசனம் பொறியைக் காத்தது. ஆயினும் அதன் விலையைக் குறைக்கவில்லை. வேண்டியவர் பலர், வாங்க வல்லவர் சிலர். பொறி கனவான்களின் மேசைமேல் வியப்புப் பொருளாக இருந்ததேயன்றி, கணக்கர் கைக்கு வந்து சேரவில்லை. இப்பாடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இடைப்பட்ட ஆண்டுகளின் பெருமைகளை விரிப்பிற் பெருகும். 1648 புரட்டாதி 19 ஆந் திகதி அவருடைய வேண்டுகோளின்படி மைத்துனர் பெரியே, பியு டெ டோம் என்ற மலைமேல் இரசக் குழாயைக் கொண்டு சென்று அளந்தார். அடிவாரத்தில் நின்ற இரசமட்டம் உச்சியில் 3 அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. காற்றுக்கு நிறையுண்டு என்பது கண்கூடாயிற்று. 1654 இல் பேர்மா என்னும் அறிஞரோடு கடிதவழி நடத்திய ஆராய்ச்சியிலே நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது. அதே ஆண்டு கார்த்திகை 23 ஆந் திகதி இரவு அவர் உள்ளத்திலே பெரியதோர் ஆன்மிக அநுபவம் நிகழ்ந்தது. அதனை ஒரு தாளில் எழுதித் தம் மேலாடைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பின்னரே பிறர் அதனைக் கண்டனர். தங்கை ஜாக்கலீன் 1652 இலேயே போர் ரோயல் மடத்திற் புகுந்துவிட்டார். அம்மடத்தாருக்காக 1656, 1657 ஆம் ஆண்டுகளிலே பஸ்கால் மறைபெயரில் எழுதிய கடிதங்கள் பிரெஞ்சு உரைநடைக்கே புதுவழி காட்டின என்பர்.

உடம்போ என்றும் நலிந்த உடம்பு. 1661 ஐப்பசியில் ஜாக்கலீன் இறந்தார். உடல்நோயும் உள்ளத்துயரும் ஒருங்கு வருத்திய அந்தக் காலத்திலேதான் பஸ்கால் வண்டியைப் பற்றிச் சிந்தித்தார். துறவு மனம் உடைய ஒருவர் வாணிகம் தொடங்குவதா என்று சிலர் வியக்கலாம். விடை பின்னே வரும்.

அக்காலத்துப் பாரிஸ் மிகப் பெரிய நகரம். தெருக்கள் ஒடுங்கியவை, சேறு நிறைந்தவை. செல்வருக்குச் சொந்த வண்டி இருந்தது. அதற்கு அடுத்த நிலையினர் சுமப்போர் தூக்கிச் செல்லும் நாற்காலியையோ, வாடகை வண்டியையோ அமர்த்துவர். வாடகை வண்டியின் பெயர் பியாக்கர். முழு வண்டிக்கும் வாடகை கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு அமர்த்துவதாயின் இரண்டு எக்குக் காசுக்குக் குறையாது; அதாவது ஏறத்தாழ 120 சோல். ஏனையோருக்குக் கால்களே கதி. நோயாளியும் நடந்தான், வழக்குக்காக நீதிமன்றத்துக்கு அலைந்தவனும் நடந்தான்.

பஸ்கால் கண்ட வழி எளிய கணக்கு. ஒருவர் முழு வண்டியை அமர்த்துவதற்குப் பதிலாக, எட்டுப்பேர் தத்தமக்கு ஓரிடத்தை அமர்த்தட்டும். வண்டி ஒரே பாதையிற் போய்வரட்டும். ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் உரிய வேளையிற் புறப்படட்டும். தூரம் எவ்வளவாயினும் கட்டணம் 5 சோல். இந்த நான்கு விதிகளுள் மூன்றாவதே உயிரானது. ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் நின்று கூவும் வண்டி வாடகை வண்டியே. வெறுமையாகவும் புறப்படுவேன் என்று வாக்குக் கொடுத்த வண்டியே பொதுவண்டி. பயணி தன் வேலையை அந்த வாக்கின்மேல் ஏற்றி வைக்கின்றான்.

இதற்கு முதல் வேண்டும். அரசவையிற் செல்வாக்கும் வேண்டும். பஸ்காலின் நெருங்கிய நண்பர் ரொவானே பிரபு முன்வந்தார். சூர்ஷ், கிரெனான் என்னும் இரு பிரபுக்களும் இணைந்தனர். 1661 கார்த்திகையில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பதினான்காம் லூயி மன்னர் 1662 தையில் அநுமதிச் சாசனம் வழங்கினார். அத்தொழிலை நடத்தும் தனியுரிமை அக்கூட்டத்தாருக்கே என்பது சாசனத்தின் முடிபு. நாற்காலிக்கும் வாடகை வண்டிக்கும் பொருள் செலவிட இயலாத மக்களின் வசதிக்காகவே இதனை அநுமதிக்கிறோம் என்பது அதிற் சொல்லிய காரணம். வழக்காளிகளும் நோயாளிகளும் அதிலே பெயர் கூறியே சுட்டப்பட்டனர்.

தொழில் தனியாருடையது. தெரு அரசனுடையது. தெருவைப் பயன்படுத்த அரசன் அநுமதி தருகின்றான். பதிலுக்குப் பாதையையும் கட்டணத்தையும் ஒழுங்கையும் தன் பார்வையில் வைத்துக்கொள்கின்றான். இன்று உலகமெங்கும் போக்குவரத்துச் சட்டங்களிற் காணும் அமைப்பின் வித்து அந்தச் சாசனத்திலேயே கிடக்கின்றது.

அன்றைய முறைப்படி அரச சாசனத்தைப் பாரிஸ் உயர் நீதிமன்றம் பதிவு செய்தாலன்றி அது நடைமுறைக்கு வராது. 1662 மாசி 7 ஆந் திகதி நீதிமன்றம் பதிவு செய்தது. பதிவு செய்கையில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. போர்வீரர், ஏவற்சிறுவர், சீருடை அணிந்த வேலைக்காரர், கூலியாளர் ஆகியோர் இவ்வண்டிகளில் ஏறலாகாது. நகரத்து நற்குடியாளர் வசதியாகவும் தடையின்றியும் செல்ல வேண்டும் என்பது காரணம்.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். பொருளில்லாதவர்க்காக வண்டி என்றது சாசனம். பொருளில்லாதவர் ஏறலாகாது என்றது பதிவு. ஒரே ஏட்டிலே ஒரு கை திறந்த கதவை மறுகை சாத்தியது. ஒழுங்குபடுத்துவோரின் கண்ணிலே முன்பே இடம் பெற்றவரின் சௌகரியந்தான் தெரிந்தது. தெருவில் நிற்பவன் தெரியவில்லை.

1662 பங்குனி 18 ஆந் திகதி காலை ஏழு மணிக்கு முதற்பாதை திறக்கப்பட்டது. சான் அந்துவான் வாயிலிலிருந்து லுக்சம்பூர் அரண்மனைவரை பாதை. ஏழு வண்டிகள். மூன்று ஒரு முனையிலும் நான்கு மறு முனையிலும் நின்றன. நீதிமன்ற அதிகாரிகள் நீள் அங்கி தரித்து வந்தனர். நகரக் காவலர் நின்றனர். வண்டியோட்டிகளுக்கு நீலநிற மேலங்கிகள் வழங்கப்பட்டன. அவற்றில் மன்னரின் சின்னமும் நகரத்தின் சின்னமும் தைக்கப்பட்டிருந்தன. இடையூறு செய்வோர் கடுந்தண்டனை பெறுவர் என்று அதிகாரிகள் மக்களுக்கு எடுத்துரைத்தனர். பின்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன.

அந்நாளைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவது ஜில்பேர்த்தின் தயவால். மூன்று நாட்களின் பின் அவர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் எஞ்சியிருக்கின்றது. தெருவின் இருமருங்கும் மக்கள் திருவிழாப் பார்ப்பதுபோல் நின்றனராம். தொழிலாளர் தம் வேலையை விட்டு வந்து பார்த்தனராம். முதல் நாட் காலையிலேயே பல வண்டிகள் நிறைந்து சென்றன, பெண்களும் ஏறினர். இவ்வளவும் எழுதிய ஜில்பேர்த் தம் அநுபவம் ஒன்றையும் சேர்த்திருக்கின்றார். ஒரு நாள் அவர் வீடு திரும்ப வேண்டியிருந்தது. தூரமோ அதிகம். தம்பியார் கண்ட வண்டியிலேயே போகலாம் என்று ஒரு தேவாலயத்தின் அருகே காத்து நின்றார். ஒன்று வந்தது, நிறைந்திருந்தது. இரண்டாவதும் நிறைந்திருந்தது. இவ்வாறு ஐந்து வண்டிகள் அவரைக் கடந்து போயின. ஒன்றிலும் இடமில்லை.

பள்ளிக்கூடம் விடும் வேளையில் நிறைந்த பஸ் வண்டிகள் நில்லாமலே செல்வதைப் பல்லாண்டு பார்த்து நின்ற எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. வண்டியைக் கண்டவரின் உடன்பிறந்தாளுக்கே இடமில்லை! பொதுவண்டி பிறந்த அன்றே பொதுவண்டியின் குறையும் பிறந்துவிட்டது. ஆனால் ஜில்பேர்த்துக்கு ஒரு வசதி உண்டு. ஆறாவது வண்டியில் இடமிருப்பின் அவர் ஏறலாம். வேலையை விட்டு வந்து வேடிக்கை பார்த்த கூலியாளனுக்கு ஆறாவது வண்டியும் இல்லை. அறுநூறாவது வண்டியும் இல்லை.

முதற்பாதையின் வெற்றியைக் கண்டு பிற தெருவினரும் தமக்கு வண்டி கேட்டனர். சித்திரை 11 ஆந் திகதி இரண்டாம் பாதையும், வைகாசி 22 ஆந் திகதி மூன்றாம் பாதையும், ஆனி 24 ஆந் திகதி நான்காம் பாதையும் திறக்கப்பட்டன. நான்காவது, நகரத்தை வட்டமாகச் சுற்றி வரும் பாதை. அது பிரிவுகளாக வகுக்கப்பட்டது; நெடுந்தூரம் செல்வோர் மேலும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இன்று கொண்டக்டர் கணக்கிடும் பிரிவுக் கட்டணத்தின் முன்னோன் அதுவே என்று சொல்லலாம்.

துறவு மனம் உடையவர் வாணிகம் தொடங்கியது ஏன் என்ற வினாவுக்கு இனி விடை சொல்லலாம். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் புளுவா நகரப் பகுதியிலே கொடும் பஞ்சம். வண்டி நிறுவப்பட்டதும் பஸ்கால் ஜில்பேர்த்திடம் ஒரு செய்தி சொன்னார். தமக்கு வரவேண்டிய பங்கில் 1000 லீவரை முற்பணமாகப் பெற்றுப் புளுவாவின் ஏழைகளுக்கு அனுப்பப் போவதாகக் கூறினார். தமக்கை தடுத்தார். தொழில் உறுதிப்படவில்லை, இலாபம் வருமோ வராதோ, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். பசி அடுத்த ஆண்டுவரை காத்திராது என்பது பஸ்காலின் மறுமொழி. நட்டம் வந்தால் தம் ஏனைய உடைமையிலிருந்து ஈடு செய்யலாம் என்றும் சொன்னார். ஆயினும் முற்பணம் ஒழுங்காகவில்லை, அவ்வெண்ணம் நிறைவேறவுமில்லை. வண்டி ஓடியது. அதன் காசு புளுவாவைச் சேரவில்லை.

வண்டி ஏழையை ஏற்றக்கூடாது என்றது சட்டம். வண்டியின் வருவாயாவது ஏழையிடம் போகட்டும் என்று நினைத்தார் பஸ்கால். நீதிமன்றத்தின் நிபந்தனையை அவர் எதிர்த்தார் என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை. வலிந்து புகழ்வது வரலாறாகாது. அவர் தம் காலத்து மனிதர், பிரபுக்களின் பங்காளி. ஆயினும் அடுத்த சில வாரங்களில் அவர் செய்த ஒரு செயலை அந்த நிபந்தனையின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பஸ்கால் தம் வீட்டிலே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். கைம்மாறாக எப்பணியையும் அவர்களிடம் பெறவில்லை. 1662 ஆனி இறுதியில் அக்குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மை கண்டது. பஸ்காலோ நோய் முற்றியிருந்த நிலையில் இருந்தார். அவரைப் பார்க்கத் தமக்கை நாள்தோறும் வரவேண்டும். வந்தால் தமக்கையின் பிள்ளைகளுக்கும் நோய் தொற்றக்கூடும். நோயுற்ற பிள்ளையை வேறிடத்துக்கு அனுப்புவதே உலக வழக்கம். பஸ்கால் அதற்கு இசையவில்லை. இடமாற்றம் அந்தப் பிள்ளைக்குக் கேடு, தமக்கு அவ்வளவு கேடில்லை என்று சொல்லித் தாமே வீட்டைவிட்டுத் தமக்கையின் இல்லத்துக்குச் சென்றார். தம் வீட்டுக்கு அவர் மீளவில்லை.

ஐந்தாம் பாதை ஆடி 5 ஆந் திகதி திறக்கப்பட்டபோது அவர் நோய்ப்படுக்கையில் இருந்தார். தீராநோயாளர் விடுதிக்குத் தம்மைக் கொண்டு சென்று, ஏழைகளின் நடுவே இறக்க விடுமாறு வேண்டினார். மருத்துவர் இசையவில்லை. ஆவணி 19 ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 39. வண்டி ஓடத் தொடங்கி ஐந்து மாதமும் ஒரு நாளும் ஆகியிருந்தன.

நிறுவியவர் போனார், நிறுவனம் நின்றது. ஆனால் நெடுநாள் நிற்கவில்லை. தொடக்கத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினர். நாடக மேடையிலும் அதனை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம் ஆடினர். காலப்போக்கில் கட்டணம் 6 சோலாக உயர்ந்தது. புதுமை தேய்ந்தபின் செல்வர் தம் சொந்த வண்டிகளுக்குத் திரும்பினர். நடுத்தர மக்கள் சிலர் ஏறினர். அவ்வண்டியின் தேவை மிகுதியாக உள்ள பெருங்கூட்டமோ சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. பதினைந்து ஆண்டளவில் வண்டிகள் மறைந்தன. நீதிமன்றத்தின் நிபந்தனையும் கட்டண உயர்வுமே காரணம் என்பர் வரலாற்றாசிரியர் பலர். கணிதப் பொறியின் பாடமே மறுபடியும் நிகழ்ந்தது. சாசனம் போட்டியாளனைத் தடுத்தது. பயன்படுத்துவோனைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

பின்பு நூற்றைம்பது ஆண்டு உறக்கம். 1826 இல் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்பார், ஊர்ப்புறத்தில் இருந்த தம் வெந்நீர்க் குளிப்பிடத்துக்கு மக்களைக் கொண்டுவர வண்டி விட்டார். ஏறியவர் பலர் குளிக்க வரவில்லை. வழியிலேயே இறங்கித் தத்தம் வேலைக்குப் போயினர். குளிப்பிடத்தைக் காட்டிலும் வண்டியே வேண்டப்படுவது என்று அவர் கண்டுகொண்டார். 1828 இல் அவருடைய கம்பனி பாரிசில் ஓடத் தொடங்கியது. இம்முறை கூலியாளனைத் தடுக்கும் நிபந்தனை இல்லை. போட்டிக் கம்பனிகள் பல எழுந்து ஒரே தெருக்களில் ஆளுக்காக முந்தின. போத்ரி 1830 இல் நட்டத்தின் நடுவே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். போட்டிகள் பெருகிய பின்னர், 1855 இல் பாரிஸ் ஆட்சியாளர் கம்பனிகளை ஒன்றாக்கி அதற்குத் தனியுரிமை வழங்கினர். 1921 இல் புதிய அமைப்பு ஒன்று பாரிஸ் பகுதியின் பஸ், டிராம் வண்டிகளை ஒருங்கே ஏற்றது. 1949 இல் பொதுக் கூட்டுத்தாபனம் அமைந்தது. தனியார், போட்டி, தனியுரிமை, அரசு என்று சக்கரம் சுழன்றது.

நம் நாட்டிலும் இச்சக்கரம் சுழன்றதை நாம் அறிவோம். தனியார் கம்பனிகளின் காலம்; 1958 தை முதலாந் திகதி தேசியமயமாக்கல்; 1979 முதல் மீண்டும் தனியார் வண்டிகளுக்கு இடம். ஒரே பாதையில் இரு திறத்து வண்டிகளும் ஓடுகின்றன. எது மேலானது என்று சந்தியிலும் ஆசிரியர் அறையிலும் வாதம் நடக்கின்றது. பஸ்காலின் கதை அவ்வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்புக்கு முன் கேட்கவேண்டிய வினாவை அது தருகின்றது. வண்டி யாருடையது என்பதன்று அவ்வினா. தெருவோரத்தில் நிற்பவர்களுள் யார் ஏற முடியாமல் நிற்கின்றார் என்பதே வினா. உரிமையாளன் தனியாராயினும் அரசாயினும், உத்தரவுப்பத்திரத்தில் அந்த ஒருவர் மறக்கப்பட்டாற் பத்திரம் பழுதே.

முடிக்குமுன் தமிழாசிரியனுக்குரிய இலக்கணக் குறிப்பு ஒன்று. போத்ரியின் வண்டிக்கு ஒம்னிபஸ் என்று பெயர். அது இலத்தீன் சொல். எல்லார்க்கும் என்பது பொருள். ஒம்னி என்பது எல்லாரையும் குறிக்கும் பகுதி. பஸ் என்பது நம் நான்காம் வேற்றுமைக் கு உருபு போன்ற ஒரு விகுதி. காலப்போக்கில் மக்கள் சொல்லைச் சுருக்கினர். எல்லார் என்பது விழுந்தது. கு என்பது மட்டும் எஞ்சியது. நாம் நாள்தோறும் ஏறுவது பெயரை இழந்த ஓர் உருபில்.

நான்காம் வேற்றுமைக்குக் கொடைப்பொருள் முதன்மையானது என்று வகுப்பிலே கற்பிக்கின்றோம். யாருக்குக் கொடை என்ற பெயர் முன்னே நில்லாவிடில் உருபு தனித்துப் பொருள் தராது. 1662 இல் பாரிஸ் நீதிமன்றம் ஐந்து சோல் வண்டியிலிருந்து நீக்கியது அந்தப் பெயரைத்தான். நோயுற்ற ஏழைப் பிள்ளைக்குத் தம் வீட்டை விட்டுக்கொடுத்துச் சென்ற பஸ்கால், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்தப் பெயரை எழுதிவிட்டுப் போனார். அமுக்கத்தின் அலகு என்று அவரைக் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பு முடிவதற்கு முன் ஐந்து நிமிடம் இதனையும் மாணவருக்குச் சொல்வாராயின் நன்று. வீடு திரும்பும் வழியில், பஸ் தரிப்பிடத்தில், அவர்களுக்கு அது பயன்படும்.